கனகசபை சேர் வீட்டு நடை அலுமாரி

தளபாடக் கடையொன்றில் முப்பத்தொரு வருடம் வேலை செய்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பர்ஹானா சென்ற மாதம் ஆரையம்பதிக்கு என்னைப் பார்க்க வந்தாள். கையில் கடை கொடுத்த புதுப் போன் இருந்தது. அதை எங்கள் வீட்டு நடைக்கு நேரே பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள். திரையில் எங்கள் சுவரோடு ஒரு தேக்கு அலுமாரி வந்து நின்றது. இனி அளவு நாடா தூக்கத் தேவையில்லை என்றாள். பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் அலுமாரியின் கால் ஒன்று, பக்கத்துக் கதிரையில் இருந்த என் கணவரின் முழங்காலுக்குள் ஊன்றியிருந்தது. அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் காலை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

போகும்போது, அந்த நாளில் எப்படி அளவெடுத்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் அக்கா, கடையில் வைத்திருப்போம் என்று கேட்டாள். நான் எழுதிப் பழகியதெல்லாம் அடியும் அங்குலமும்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் செய்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. சம்பளப் பதிவில் கடைசிவரை ‘பில் எழுதுபவர்’ என்றுதான் இருந்தது. உண்மையில் வீடுவீடாகப் போய், வாசல் கதவைத் திறந்ததும் வருகிற அந்த ஒடுங்கிய நடையை அளந்து, அதில் என்ன மரத்தில் என்ன அலுமாரி வைக்கலாம், சப்பாத்து றாக்கை எங்கே, குடை எங்கே, மோட்டார் சைக்கிள் தொப்பி எங்கே என்று சொல்வதே என் வேலை. படுக்கையறைக்கு அலுமாரி விற்பது சுலபம். அங்கே கட்டிலும் சுவரும்தான் இருக்கும். நடை அப்படியல்ல. வீட்டில் இருக்கிற எல்லோரும், வருகிற எல்லோரும், அவர்கள் கழற்றிப் போடுகிற எல்லாமும் அந்த நாலரை அடிக்குள்தான்.

இந்த வேலை எனக்குக் கிடைத்தது ஒரு மனிதர் வெயிலில் நின்றதால். அப்போது அளவெடுத்தவர் ஓர் ஆண். காத்தான்குடியில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் ஆண்கள் இல்லை என்பதால் படலைக்கு வெளியே ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு, கதவின் அளவைக் கண்ணாலே மதித்து எழுதிக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு பில் எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அடுத்த நாள் என் கைப்பையில் நாடா இருந்தது.

முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் அழைக்கும். காத்தான்குடிக்காரர். மெல்லிய ஆள், மெல்லிய குரல். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனை வைப்பதுபோல அவர் நாடா வைத்திருப்பார். என்னைச் சாதாரணமாக ‘புள்ள’ என்பார். நல்ல வியாபாரம் நடந்த நாளில் ‘மகள்’ என்பார். கோபம் வந்தால் மட்டும் ‘நீங்க’ என்பார். கடையில் இருந்த நாங்கள் எல்லோரும் அவருடைய ‘நீங்க’வுக்குத்தான் பயந்தோம்.

அவர் பழக்கிய முறை இதுதான். வீட்டுக்குள் போனதும் நாடாவை வெளியே எடுக்கக் கூடாது. தேத்தண்ணி தந்தால் குடிக்க வேண்டும். குடிக்கிற நேரத்தில் அந்த வீட்டுக்காரர் எந்தப் பக்கம் செருப்பைக் கழற்றுகிறார், கதவுத் திறப்புக் கொத்தை எங்கே எறிகிறார் என்று பார்க்க வேண்டும். என்ன அலுமாரி வேண்டும் என்று கேட்கவே கூடாது. கேட்டால் பக்கத்து வீட்டில் இருப்பதைச் சொல்வார்கள். அதன்பிறகு அகலத்தை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: கணுக்காலில், இடுப்பில், தோளில். எங்கள் பக்கம் மணல் தரை, சுவர்கள் நேராக நிற்பதாகப் பாவனைதான் செய்யும். நீளத்தை இரண்டு முனையிலிருந்தும் அளக்க வேண்டும். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, அது தரையில் கீறுகிற வட்டத்தைக் கொப்பியில் வரைய வேண்டும். அலுமாரிக்குக் கால் உயரமாக இருக்க வேண்டும். “விளக்குமாறும் போகணும், மாரியில வெள்ளம் வந்தா வெள்ளமும் போகணும்” என்பார்.

கடைசியாகப் பேப்பர். அலுமாரி தரையில் எவ்வளவு இடம் பிடிக்குமோ அந்த அளவுக்குப் பத்திரிகைத் தாளை ஒட்டி நடையில் பரப்பிவிட்டு வந்துவிட வேண்டும். மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் எந்த மூலை கிழிந்திருக்கிறதோ அந்த மூலையில்தான் வீட்டுக்காரர் இடிபடுவார். அந்த மூலையை உருட்டி இழைக்கச் சொல்லித் தச்சு வேலை செய்யும் ஓடாவியிடம் கொடுப்போம்.

முதல் தடவை நான் பேப்பர் போட்டது எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில். மூன்று நாள் கழித்துப் போனேன். தாள் போட்டபடியே, ஒரு மடிப்புக்கூட இல்லாமல் கிடந்தது. இந்த வீட்டில் யாரும் நடப்பதே இல்லையா என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது அந்த வீட்டு அம்மா உள்ளேயிருந்து வந்தார். பேப்பருக்குக் கிட்ட வந்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். எழுத்து இருக்கிற தாளை மிதிப்பது சரஸ்வதிக்கு ஆகாது என்று மூன்று நாளாகக் குடும்பமே பாய்ந்து திரிந்திருக்கிறது. அவருடைய கணவர் இடுப்புப் பிடித்துப் படுத்திருந்தார். ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சீமெந்துப் பையைப் பிரித்து எழுத்து இல்லாத உட்பக்கம் மேலே வர விரித்தோம்.

மரத்தைப் பற்றிப் பர்ஹானாவுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வாவிக் கரை வீடுகளுக்கு அலுமாரியில் இழுத்துத் திறக்கிற லாச்சி செய்யும்போது ஒரு காசு நுழையும் இடைவெளி விட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஒரு வங்கி முகாமையாளர் வீட்டில் அதை மறந்தோம். கார்த்திகையில் ஊதிப்போன லாச்சி தை பிறந்துதான் திறந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது. இரண்டு மாதமும் அவர் மனைவிதான் அவருக்குக் கடிதங்களை வாசித்துக் காட்டியிருக்கிறார். அதில் ஏதோ ஒரு கடிதத்தால் வீட்டில் பிரச்சினை வந்ததாகவும் கேள்வி. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

நான் சொல்ல வேண்டியது கனகசபை சேர் வீட்டு அலுமாரியைப் பற்றி.

கனகசபை சேர் எங்கள் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு எட்டாம் வகுப்பில் கணிதம் படிப்பித்தவர். அவருடைய மனைவி பவளம் மாமி ஒருநாள் கடைக்கு வந்தார். மகள் வதனிக்கு வவுணதீவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, இரண்டு கிழமையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அதற்குள் நடைக்கு ஓர் அலுமாரி வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே வருகிறவர்கள் பெண்ணை ஒரு கண்ணாலும் வீட்டை மற்றக் கண்ணாலும் பார்ப்பார்கள். முதலில் வந்த ஒரு சம்பந்தம் அப்படித்தான் குழம்பிப் போனது என்று மாமி நம்பினார். அந்த மாப்பிள்ளையின் பெரியம்மா நடையில் கிடந்த மோட்டார் சைக்கிள் தொப்பியில் கால் தடுக்கி, சுவரைப் பிடிக்கப் போய் மின்சாரப் பெட்டியைப் பிடித்துவிட்டாராம். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்கள் பிறகு வரவில்லை.

மாமிக்கு வேண்டியது கதவு போட்ட மூடிய அலுமாரி. செருப்பு, குடை, தொப்பி, தேங்காய் துருவும் திருவலை, எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடிவிட வேண்டும். சேருக்கு வேண்டியது கண்ணாடி அலுமாரி. அவருக்குக் கிடைத்த கேடயங்களையும் கிண்ணங்களையும் அடுக்கி, வருகிறவர் முதலில் காணும்படி வைக்க வேண்டும். இருவரும் தனித்தனியே எனக்குப் போன் எடுத்து, மற்றவருக்குச் சொல்ல வேண்டாம் என்றார்கள். நான் ஹாஜியாரிடம் சொன்னேன். மேலே கண்ணாடி, கீழே கதவு, முதிரை மரத்தில் செய்வோம் என்று ஒரே வரியில் தீர்த்தார். பிறகு, பேப்பர் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டார். போடுகிறேன் என்றேன்.

அந்த வீட்டின் நடையை இங்கே விளக்க வேண்டும். வாசலால் உள்ளே போனால் இடது பக்கம் நீளச் சுவர். வலது பக்கம் ஹோலுக்குப் போகிற வழி. நேரே, நடையின் முடிவில் சேருடைய அறைக் கதவு. யார் வருகிறார்கள் என்று மேசையில் இருந்தபடியே பார்க்க அப்படி வைத்திருந்தார். அறைக்குள் கோப்பு றாக்கைகள் நிறைந்திருந்ததால் அந்தக் கதவு வெளியே, நடைப் பக்கமாகத்தான் திறக்கும். திறந்து இடது பக்கச் சுவரோடு கொண்டி மாட்டியிருக்கும். அதில் ஒரு கலண்டரும் தொங்கும். பல வருடமாக அப்படியே நின்றதால் அது கதவு என்பதே வீட்டாருக்கு மறந்துபோயிருந்தது.

நான் போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, நாடாவை எடுக்கக் கைப்பைக்குள் கை விட்டபோது சேர் கதிரையில் நிமிர்ந்தார்.

“நாடா தேவையில்ல. நான் நேற்றே அளந்திட்டன். எழுது.”

நான் கொப்பியைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சுவரின் நீளம் ஏழடி இரண்டங்குலம். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கொப்பியை வாங்கிப் பார்த்து, அங்குலம் என்பதில் நான் விட்டிருந்த ஒரு புள்ளியைப் போட்டுத் திருப்பித் தந்தார். எனக்கு அப்போது நாற்பது வயது. எட்டாம் வகுப்பில் இருந்ததுபோலவே எழுந்து நின்று வாங்கினேன். சீமெந்துப் பையை எடுத்தேன். இது சுவர், ஓடிப்போகாது, அந்தக் குப்பையை உள்ளே வை என்றார். வைத்தேன்.

சேர் அளந்தது பொழுதுபட்ட பிறகு. நுளம்பு வருகிறதென்று அன்று அறைக் கதவைச் சாத்திவிட்டு அளந்திருக்கிறார். சாத்தியிருக்கும்போது அந்தச் சுவர் ஏழடி இரண்டங்குலம்தான். அதில் தவறில்லை.

ஓடாவி சுணங்கியதால் அலுமாரி போய்ச் சேர்ந்ததே மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில்தான். அவர்கள் நாலு மணிக்கு. லொறி இரண்டரைக்கு. நாங்கள் போனபோது சேர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்று ஓர் உரை எழுதிக்கொண்டிருந்தார். யாரும் தட்டக் கூடாது என்று கட்டளை. நான்கு பேர் முதிரை அலுமாரியைத் தூக்கி வந்து இடது சுவரோடு வைத்துத் தள்ளினார்கள். ஒரு முனை வாசல் பக்கத்துத் தூணிலும் மறுமுனை சேரின் கதவிலும் போய் இறுகப் பொருந்தியது. நடுவில் ஒரு தாள் நுழையாது. நான் பெருமையோடு பார்த்தேன். லொறிக்காரர்கள் களுவாஞ்சிகுடியில் இன்னொரு வீடு இருக்கிறதென்று போய்விட்டார்கள்.

மாமி ஒரு நிமிடம் வீணாக்கவில்லை. நடையில் கிடந்ததெல்லாம், ஹோலில் கிடந்ததெல்லாம், குசினியில் கிடந்ததில் பாதி, எல்லாம் கீழ்த் தட்டுகளுக்குள் போனது. நான் கைபிடிகளை முடுக்கிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். அறைக்குள் கதிரை நகர்ந்தது. பிறகு கதவு ‘டொக்’ என்று அலுமாரியில் இடித்தது. மீண்டும் ஒரு டொக்.

“பவளம், கதவை ஆரு பூட்டின?”

மாமி என்னைப் பார்த்தார். நான் கதவோடு வாயை வைத்துச் சொன்னேன். “பூட்டல்ல சேர். அலுமாரி நிக்குது.”

“எங்க நிக்குது?”

“நீங்க சொன்ன இடத்திலதான்.”

கதவு இன்னொரு தடவை இடித்தது. பிறகு, “அளவு பிழைச்சிட்டா?” என்று கேட்டார்.

“இல்ல சேர். அளவு சரி. சரியா இருக்கிறதாலதான் திறக்க ஏலாம இருக்கு.”

மாமியும் வதனியும் நானும் அலுமாரியைப் பிடித்து இழுத்தோம். பிடிக்கவே இடமில்லை. முதிரை, அதற்குள் ஒரு வீட்டுச் சாமான். மயிரளவும் அசையவில்லை. அறை யன்னலில் இரும்புக் கம்பி. லொறிக்காரருக்குப் போன் எடுத்தேன். ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அப்போது படலையில் வான் வந்து நின்றது.

மாமி முடிவெடுத்தார். “அப்பா கோயிலுக்குப் போயிட்டார் எண்டு சொல்லுவம்.” கதவுக்கு அப்பாலிருந்து சேரும் சம்மதித்தார். பொய் சொல்லும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திய மனிதர் அவர்.

மாப்பிள்ளை, தாய், தகப்பன், தாய்மாமன், நான்கு பேர் வந்தார்கள். வயல்காரக் குடும்பம். தகப்பன் அதிகம் பேசாதவர், வெள்ளை வேட்டியில் கூச்சத்தோடு இருந்தார். தாய் வந்ததும் அலுமாரியைத் தடவிப் பார்த்து, நல்ல மரம் என்றார். எனக்கு உயிர் வந்தது. சேரைக் கேட்டார்கள். மாமி கோயில் என்றார். எல்லோரும் ஹோலில் அமர்ந்து பலகாரத்தில் கை வைத்தார்கள்.

புது வாணீஸ் மணம் மூடிய அறைக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரம் முடிந்தது. சேர் தும்மினார். ஒன்றல்ல, மூன்று.

மாப்பிள்ளையின் தாய் பலகாரத்தைக் கீழே வைத்தார். “உள்ள ஆருகா?”

மாமி பலகாரத்தை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினார். நான் தரையைப் பார்த்தேன். இந்த இரண்டாவது சம்பந்தம் என்னால் போகிறது, நாளைக்கு ஹாஜியார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் நினைத்தேன். வதனி தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு நேராகச் சொன்னாள்.

“அப்பா. அலுமாரிக்கு அங்கால நிக்கிறார். வெளிய வர ஏலா.”

மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்தார். நடைக்கு வந்து அலுமாரிக்கும் கதவுக்கும் இடைப்பட்ட கோட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு கதவைப் பார்த்து, “சேர், சுகமா இருக்கீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு தாள் விரியும் சத்தம். மதிப்புக்குரிய சம்பந்திமாரே என்று சேர் ஆரம்பித்தார். வேறு என்ன செய்வார், கையில் அதுதான் இருந்தது. வாவியின் இரு கரைகளும் இன்று ஒன்றாகின்றன என்பதுபோல நாலு பக்கம். கதவுக்குள்ளால் வந்ததால் கொஞ்சம் பானைக்குள் பேசியதுபோல இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் கைகட்டி நின்று, அலுமாரியைப் பார்த்தபடி, முழுதையும் கேட்டார். மற்ற எல்லோரும் அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றோம். முடிந்ததும் அவர் மெல்லக் கை தட்டினார். நாங்களும் தட்டினோம்.

அதன்பிறகு மாப்பிள்ளை மணிக்கூட்டைக் கழற்றி வதனியிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்தார். பாரத்தோடு இழுத்தால் தரை கீறும், முதலில் சாமானை இறக்குவோம் என்றார் தாய்மாமன். மாமி வேண்டாம் என்று முன்னால் வந்தார். அதற்குள் கீழ்க் கதவு திறந்துவிட்டது.

ஒவ்வொன்றாக ஹோலுக்கு வந்தது. ஒற்றைச் செருப்புகள். கம்பி முறிந்த குடைகள். திருவலை. பழைய கலண்டர்கள். தொப்பி, அதற்குள் வெங்காயம். ஒரு சீலைப் பையில் சேருடைய கேடயங்கள் எல்லாம், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. மாமி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். வீட்டைப் பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, குடைகளைத் தனியே, செருப்புகளைத் தனியே பிரித்து வைக்கத் தொடங்கினார். “எங்கட வீட்டில இதெல்லாம் கட்டிலுக்குக் கீழ கிடக்கு. ராவையில எழும்பினா கால்லதான் குத்தும்” என்றார். மாமி முந்தானையை எடுத்தார். பிறகு இருவரும் சேர்ந்து பிரித்தார்கள்.

அலுமாரியை வந்த ஆண்கள் மூவரும் நானுமாக ஹோல் பக்கம் முன்னுக்கு இழுத்தோம். கதவு திறந்தது. சேர் வெள்ளைச் சட்டை, சால்வையோடு, உரையைச் சுருட்டிப் பிடித்தபடி வெளியே வந்தார். மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கை கொடுத்தார். தரையில் செருப்புகளுக்கு நடுவே தன் கேடயப் பையைக் கண்டார். பிறகு அலுமாரியின் கண்ணாடித் தட்டைப் பார்த்தார். அங்கே ஒரேயொரு சின்னக் கிண்ணம் இருந்தது. சாண் உயரம்.

“இது ஆர்ர?”

“என்ட” என்றார் மாமி. “மாதர் சங்கத்தில தந்த. கத்தரித் தோட்டத்துக்கு முதலாமிடம்.”

“எப்ப?”

“வதனி அஞ்சாம் வகுப்பு. நீங்க அண்டைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தீங்க.”

சேர் கண்ணாடியைத் திறந்தார். கிண்ணத்தை எடுத்து அதில் எழுதியிருந்ததை முழுக்க வாசித்தார். எழுத்துப் பிழை இருந்திருக்க வேண்டும், உதடு ஒரு தடவை அசைந்தது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைத் தட்டின் நடுவில் வைத்து, பெயர் முன்னால் தெரியும்படி திருப்பி, கண்ணாடியை மூடினார். கேடயப் பையை அறைக்குள் எடுத்துக்கொண்டு போனார். அன்றே கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

அடுத்த நாள் காலை கடையில் நடந்ததை நானே சொன்னேன். ஹாஜியார் கேட்டுக்கொண்டிருந்தார். “நீங்க அளந்தீங்களா?” என்றார். அந்த ‘நீங்க’ நெஞ்சில் இறங்கியது. இல்லை, சேர் சொன்னதை எழுதினேன், எனக்குப் படிப்பித்தவர் என்றேன். அவர் எழுந்து முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டார். இருவரும் சேர் வீட்டுக்குப் போனோம். அங்கே போய்த் தேத்தண்ணி குடித்தார். கதவைத் திறந்தார், மூடினார். அறைக்குள் இருந்த கோப்பு றாக்கைகளில் இரண்டை அகற்றினால் கதவை உள்ளே திறக்கும்படி மாற்றலாம் என்று சேரிடம் பணிவாகச் சொன்னார். அந்த றாக்கைகள் போவதற்காகப் பல வருடம் காத்திருந்த மாமி அவருக்கு இரண்டாவது தேத்தண்ணி கொண்டு வந்தார்.

திரும்பி வரும்போது காத்தான்குடிச் சந்தியில் வாய் திறந்தார்.

“மரியாதையை வாயில வை புள்ள. நாடாவில வைக்காத.”

‘புள்ள’ என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு, அளவு யார் சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டு, நானும் ஒரு தடவை அளந்தேன். மாவட்டத்தை ஆளும் அரசாங்க அதிபர் வீடானாலும் அப்படித்தான்.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் மாப்பிள்ளையின் தாய் கடைக்குப் போன் எடுத்தார். தங்கள் நடைக்கும் அப்படி ஓர் அலுமாரி வேண்டும், அந்தப் பிள்ளையையே அனுப்புங்கள் என்றார். பாலத்தைக் கடந்து வவுணதீவுக்கு பஸ்ஸில் போனேன். அறுவடை நேரம், நடை முழுக்க நெல் மூட்டை. தகப்பன் பின்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையசைத்தார். தேத்தண்ணி குடித்தேன். நாடாவை எடுத்தேன். வாசல் கதவைத் திறந்து மூடினேன். பக்கத்து அறைக் கதவைத் திறந்து மூடினேன். பின்னறைக் கதவில் கை வைத்து அதையும் மெதுவாகச் சாத்தப் போனபோது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைக் கடந்து வெளியே போய் முற்றத்து மாமரத்துக்குக் கீழே நின்றார்.

“நீங்க அளங்க தங்கச்சி” என்றார். “அலுமாரி வந்து வைச்சு முடிஞ்ச மறுகா நான் உள்ள வாறன்.”